டிடி தவறும் மாத்திரை: டிஸின்டெக்ரன்ட் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

டிடி (மாத்திரை நீரில் உடைய எடுக்கும் நேரம்) சோதனையில் ஆறு நிமிடத்தில் உடைந்துகொண்டிருந்த மாத்திரை ஒரு பேட்ச்சில் திடீரென்று 14 நிமிடம் எடுத்தால், "டிஸின்டெக்ரன்ட்டை (மாத்திரையை உடைக்கச் சேர்க்கும் பொருளை) ஒரு சதவீதம் கூட்டிப் பார்ப்போம்" என்பதுதான் பல ஆலைகளில் முதலில் எழும் பேச்சு. அதைக் கடைசிக்கு வையுங்கள். அளவு கூடினால் சில கோளாறுகள் மறையும், சில இன்னும் மோசமாகும், எது காரணம் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. மாத்திரை எப்படி உடையாமல் நிற்கிறது என்பதைச் சோதனைக் கருவியின் குழாய்க்குள் கண்ணால் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டிடி நேரத்தை மட்டும் எழுதாமல், 1, 3, 5 நிமிடங்களில் மாத்திரை இருந்த நிலையையும் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே பேசப்படுபவை மூன்று பொருள்கள்: குறுக்குப்பிணைப்புள்ள கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸான குரோஸ்கார்மெல்லோஸ் சோடியம் (இனி சிசிஎஸ்), சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் (எஸ்எஸ்ஜி), குரோஸ்போவிடோன். எஸ்எஸ்ஜி பெரும்பாலும் வீங்கித் தள்ளும். சிசிஎஸ் வீங்கவும் செய்யும், இழைகள் வழியாக நீரை உள்ளே இழுக்கவும் செய்யும். குரோஸ்போவிடோன் அதிகம் வீங்குவதில்லை. நீரை வேகமாக உறிஞ்சி, அழுத்தத்தில் நசுங்கிய துகள் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது மாத்திரையைப் பிளக்கும். கீழே வரும் அறிகுறிகள் பலவற்றின் வேர் இந்த வேறுபாடுதான்.

முதலில் கருவியை ஒதுக்குங்கள்

நீர் 37 ± 2 டிகிரிதானா, கூடை நிமிடத்துக்கு 29 முதல் 32 முறை ஏறி இறங்குகிறதா, ஏற்ற இறக்கம் 53 முதல் 57 மி.மீ. வரை இருக்கிறதா என்று பாருங்கள். கூடை மேலே வரும்போதும் வலை நீர்மட்டத்துக்குக் குறைந்தது 15 மி.மீ. கீழே இருக்க வேண்டும். முந்தைய பேட்ச்சின் ஃபிலிம் துண்டு வலைக்கண்ணை அடைத்திருப்பதும், மாத்திரை மேல்வட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு நனையாமல் தொங்குவதும் அடிக்கடி நடப்பவை. ஆறில் ஒன்றிரண்டு மட்டும் தவறினால் இன்னும் 12 மாத்திரை போட்டு, 18-ல் குறைந்தது 16 தேற வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ தவறினால் கருவியை விட்டுவிட்டு மாத்திரையைப் பாருங்கள்.

இந்தியன் ஃபார்மகோபியா வரம்புகளில் பூச்சில்லாத மாத்திரைக்கு 15 நிமிடம், ஃபிலிம் பூச்சுக்கு 30, சிதறும் மாத்திரைக்கு 3. கடைசி வகைக்கு நீர் 37 டிகிரியில் வைக்கப்படுவதில்லை. இதைக் கவனிக்காமல் வெந்நீரில் சோதித்துத் தேறிய மாத்திரை அடுத்த ஆய்வகத்தில் தவறும்.

அறிகுறி: வெளிப்புறம் வழவழப்பான கூழ், நடுவில் உலர்ந்த வெள்ளைப் பொடி

ஐந்தாவது நிமிடத்தில் மாத்திரையை எடுத்துப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். கொதிநீரில் ஒரேயடியாகக் கொட்டிய மாவு கட்டி தட்டுவதுபோல, ஓரம் நனைந்து நடு உலர்ந்திருந்தால் நீர் செல்லும் வழியைக் கூழ் அடைத்துவிட்டது என்று பொருள்.

எஸ்எஸ்ஜி அளவு 8 சதவீதத்தைத் தாண்டியதா என்று முதலில் பாருங்கள். வழக்கமான பயன்பாடு 2 முதல் 8 வரை, பெரும்பாலான ஃபார்முலாக்களுக்கு 4 போதும். அதற்குமேல் கூட்டும்போது டிடி நின்ற இடத்திலேயே நிற்கும் அல்லது ஏறத் தொடங்கும். அளவு சரியாக இருந்தும் கூழ் வந்தால், அந்த லாட்டில் (ஒரே தயாரிப்பில் வந்த சரக்கில்) குறுக்குப்பிணைப்பு குறைந்திருக்க வாய்ப்புண்டு. பிணைப்பு குறைந்த துகள் வீங்குவதோடு நிற்காமல் பகுதி கரைந்து பிசுபிசுக்கும். சிசிஎஸ்ஸில் இதே சந்தேகம் வந்தால் பகுப்பாய்வுச் சான்றிதழில் நீரில் கரையும் பகுதியைப் பாருங்கள். தனிநூல் (ஃபார்மகோபியாவில் அந்தப் பொருளுக்கான தர விதி) 10 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 2-ல் இருக்கும் லாட்டும் 9-ல் இருக்கும் லாட்டும் ஒன்றாகவே "தேறியது" என்ற முத்திரையோடு வரும்.

குற்றவாளி எப்போதும் டிஸின்டெக்ரன்ட் அல்ல. போவிடோன் அல்லது எச்பிஎம்சி பைண்டர் (துகள்களை ஒட்டும் பொருள்) கரைசல் கூடுதலாகத் தெளிக்கப்பட்டிருந்தாலும் இதே காட்சிதான். கிரானுலேஷன் (பொடியைக் குருணையாக்கும் கட்டம்) பதிவில் பைண்டர் எடையைச் சரிபார்த்த பிறகே டிஸின்டெக்ரன்ட் பக்கம் வாருங்கள்.

அறிகுறி: ஹார்ட்னெஸ் (மாத்திரையின் உறுதி) குறைந்திருக்கிறது, டிடியோ ஏறியிருக்கிறது

சாதாரணமாக மாத்திரை இளகினால் டிடி இறங்க வேண்டும். இரண்டும் எதிரெதிராகப் போனால் லூப்ரிகன்ட்டான (அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும்) மெக்னீசியம் ஸ்டியரேட்டைச் சந்தேகியுங்கள். அதிக நேரம் கலந்தால் அது துகள்கள்மேல் மெல்லிய நீர்விலக்குப் படலமாகப் பரவும். மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் போன்ற நெகிழும் பொருள்களின் பிணைப்பு அதனால் தளரும், நீரும் உள்ளே போகாது. குழாயில் பார்த்தால் முதல் நிமிடம் முழுக்க மாத்திரையின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கும், மேற்பரப்பு உலர்ந்தது போலவே தெரியும்.

உறுதிப்படுத்த, லூப்ரிகன்ட் சேர்க்காத பிளெண்டில் (கலவையில்) 500 கிராம் எடுத்து, அதே சதவீத ஸ்டியரேட்டை சலித்துப் போட்டு, பாலித்தீன் பையில் 50 முறை கவிழ்த்துக் கலந்து, அதே தடிமனில் மாத்திரை போடுங்கள். டிடி பழைய நிலைக்குத் திரும்பினால் விஷயம் முடிந்தது. பிளெண்டர் நேரத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபீட் ஃபிரேமின் (பிளெண்டை அச்சுக்குள் தள்ளும் பகுதியின்) துடுப்பு வேகமும் மாத்திரை இயந்திரத்தின் வேகக் குறைப்பும் பிளெண்டை மேலும் கலக்கும். இயந்திரம் மெதுவாக ஓடிய பகுதியில் மட்டும் டிடி ஏறியிருந்தால் இதுவே காரணம். ஸ்டியரேட்டின் லாட்டும் மாறியிருக்கலாம். பரப்பளவு கூடிய லாட் அதே 0.5 சதவீதத்திலும் அதிகம் மூடும்.

ஸ்டார்ச் இந்தப் படலத்துக்கு எளிதில் தோற்றுவிடும். நன்கு வீங்கும் எஸ்எஸ்ஜி அதைவிடத் தாக்குப்பிடிக்கும். டிஸின்டெக்ரன்ட்டையும் ஸ்டியரேட்டையும் ஒரே நேரத்தில் பிளெண்டரில் கொட்டும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். முன்னது நன்கு கலந்த பிறகே பின்னது, அதுவும் 2 முதல் 5 நிமிடம்.

அறிகுறி: புதிய லாட் வந்த நாளிலிருந்து மட்டும்

ஏறக்குறைய எல்லாரும் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். ஆனால் சரியாக நிரூபிப்பவர்கள் குறைவு. காரணம், டிஸின்டெக்ரன்ட் லாட் மாறிய அதே வாரத்தில் ஏபிஐ (மருந்துப்பொருள்) லாட்டோ லூப்ரிகன்ட் லாட்டோ மாறியிருக்கும்.

தனிநூலில் தேறிய இரண்டு லாட்டுகள் வேலையில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சிசிஎஸ்ஸின் படிவுக் கனஅளவுக்கு வரம்பு 10.0 முதல் 30.0 மி.லி. 12 காட்டும் லாட்டும் 26 காட்டும் லாட்டும் தேறியவையே. பதிலீட்டு அளவு (ஒரு சர்க்கரை அலகில் சேர்ந்த கார்பாக்சிமெத்தில் குழுக்களின் சராசரி) 0.60 முதல் 0.85 வரை. மூல மரக்கூழ் மாறலாம், அரைத்த இழையின் நீளம் மாறலாம், குறுக்குப்பிணைப்பு நடந்த விதம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறலாம். இழை குட்டையானால் நீரை இழுக்கும் வேகம் குறையும். சான்றிதழில் இது எங்கும் இருக்காது. நுண்ணோக்கியில் பழைய லாட்டையும் புதிய லாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படிவுக் கனஅளவை நீங்களே செய்யலாம். 100 மி.லி. அளவு உருளையில் 75 மி.லி. நீர். 1.5 கிராம் சிசிஎஸ்ஸை 0.5 கிராம் வீதம் மூன்று முறை போட்டு, ஒவ்வொரு முறையும் வேகமாகக் குலுக்குங்கள். நீர் சேர்த்து 100 மி.லி. ஆக்கி, மறுபடி குலுக்கி, 4 மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழைய லாட்டின் சேமிப்பு மாதிரியை அதே நாளில் அதே நீரில் செய்தால்தான் ஒப்பீடு பயன்படும். ஆறு மாதம் முன் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு லாட்டில் இருக்கிறதா, குலுக்கிய கையில் இருக்கிறதா என்று தெரியாது.

எஸ்எஸ்ஜியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஐரோப்பிய ஃபார்மகோபியா ஏ, பி, சி என்று மூன்று வகை சொல்கிறது. ஏ வகையின் பிஎச் 5.5 முதல் 7.5. பி வகையின் பிஎச் 3.0 முதல் 5.0, சோடியமும் குறைவு. சி வகையில் சோடியம் குளோரைடு 1 சதவீதத்துக்குள், மற்ற இரண்டில் 7 சதவீதம் வரை போகலாம். கொள்முதல் ஆணையில் வெறுமனே "சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட்" என்று எழுதினால் எந்த வகையும் வரலாம். அமிலத்தில் சிதையும் மருந்தோடு பி வகை சேர்ந்தால் டிடியைவிடப் பெரிய தலைவலி வரும்.

பையில் இருப்பது பெயர்ச்சீட்டில் உள்ளதுதானா என்ற ஐயம் வந்தால் சில நிமிடச் சோதனை போதும். எஸ்எஸ்ஜி அயோடினில் நீலமாகும். சிசிஎஸ்ஸை மிக நீர்த்த மெத்திலீன் நீலக் கரைசலில் கலக்கினால் சாயத்தை இழுத்துக்கொண்டு நீல இழைத் திரளாகப் படியும். குரோஸ்போவிடோன் அயோடினை விழுங்கிவிடும். பிறகு ஸ்டார்ச் கரைசல் சேர்த்தாலும் நீலம் தோன்றாது.

இனி நிரூபணம். நான்கு சிறு பிளெண்டுகள் போடுங்கள்: பழைய டிஸின்டெக்ரன்ட்டோடு பழைய ஸ்டியரேட், பழையதோடு புதியது, புதியதோடு பழையது, இரண்டும் புதியது. தலா 500 கிராம் போதும். ஒவ்வொன்றிலும் மூன்று ஹார்ட்னெஸ்களில் மாத்திரை போட்டு டிடி எடுங்கள். அழுத்த விசையை ஒன்றாக வைப்பதைவிட எடையையும் தடிமனையும் ஒன்றாக வைப்பது நல்லது, ஏனென்றால் நீர் நுழைவது துளைவெளியைப் பொறுத்தது. துளை அறவே குறைந்தால் நீர் நுழையாது. மிகக் கூடினால் வீங்கும் துகள் வெற்றிடத்தை நிரப்புவதிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடும். அதனால்தான் சில நேரம் ஹார்ட்னெஸ்ஸைச் சற்றுக் கூட்டினால் டிடி இறங்குகிறது.

ஈரப்பதத்தைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 500 மி.கி. மாத்திரையில் 3 சதவீத சிசிஎஸ் என்றால் 15 மி.கி. எல்ஓடி (உலர்த்தும்போது குறையும் எடை) 2-லிருந்து 9 சதவீதத்துக்குப் போனால் உலர்பொருள் 14.7-லிருந்து 13.65 மி.கி. ஆகிறது. ஒரு மில்லிகிராம் குறைவு டிடியை இரட்டிப்பாக்காது. ஆனால் திறந்து வைத்த டிரம்மில் ஈரம் ஏறி, துகள் முன்கூட்டியே வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது வேறு கதை. சலிக்கும்போது கட்டி நிற்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

அறிகுறி: டிடி தேறுகிறது, டிசல்யூஷன் (மருந்து கரைந்து வெளிவரும் சோதனை) தவறுகிறது

மாத்திரை இரண்டே நிமிடத்தில் உடைகிறது, ஆனால் குழாயின் அடியில் கடினக் குருணைகள். டிஸின்டெக்ரன்ட் முழுவதும் கிரானுலுக்கு வெளியே போடப்பட்டிருக்கும்: மாத்திரையைக் கிரானுலாகப் பிரிக்கும், கிரானுலை உடைக்க உள்ளே எதுவும் இருக்காது. 4 சதவீதத்தை உள்ளே 2, வெளியே 2 என்று பிரித்துப் பாருங்கள். வெட் கிரானுலேஷனில் (ஈரமாக்கிக் குருணையாக்கும் முறையில்) உள்ளே போனது ஒருமுறை நனைந்து வீங்கி உலர்ந்திருக்கும், அதன் பலம் கொஞ்சம் குறைந்தே இருக்கும். அதனால் நேரடி அழுத்தத்தில் (குருணையாக்காமல் அழுத்தும் முறையில்) 2 சதவீதம் போதுமான சிசிஎஸ், வெட் கிரானுலேஷனில் 3 கேட்கிறது.

குருணையே இல்லாமல் முழுக்கப் பொடியாகி, ஆனால் டிசல்யூஷன் 80-85 சதவீதத்தில் படுத்துவிட்டால், அதுவும் மருந்து காரத்தன்மையுடையது என்றால், பிடித்து வைத்திருப்பது சிசிஎஸ்ஸாக இருக்கலாம். அதன் கார்பாக்சிலேட் குழுக்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை, புரோட்டான் ஏற்ற மருந்து நேர்மின். பதிலீட்டு அளவு 0.7 என்றால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3.2 மில்லிமோல் பிடிமானம். 100 மி.கி. மாத்திரையில் 3 மி.கி. சிசிஎஸ் இருந்தால், மூலக்கூறு எடை 300 உள்ள மருந்தில் கோட்பாட்டளவில் 2.9 மி.கி. வரை பிடிக்கலாம். மருந்தே 5 மி.கி. என்றால் அது பாதிக்கு மேல். 500 மி.கி. மருந்தில் இதே விளைவு கண்ணுக்கே தெரியாது. உப்புச்செறிவு கூடிய அல்லது அமில ஊடகத்தில் மறுபடி ஓட்டுங்கள். அளவு மேலே வந்தால் பிடிமானம்தான். அஸே (மாத்திரையில் உள்ள மொத்த மருந்தின் அளவு) குறைவாக வரும்போதும் இதே சந்தேகம் வர வேண்டும்: மாதிரி தயாரிப்புக் கரைசலில் அமிலம் சேர்த்தால் சரியாகிவிடும் குறைபாட்டுக்காகப் பலர் பிளெண்ட் சீர்மையைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

அறிகுறி: நீரில் வேகம், 0.1 நார்மல் அமிலத்தில் மந்தம்

சிசிஎஸ், எஸ்எஸ்ஜி இரண்டும் சோடியம் உப்புகள். அமிலத்தில் கார்பாக்சிலேட் அமில வடிவுக்கு மாறி ஏற்றத்தை இழக்கும், வீக்கம் குறையும். லாட்டில் எந்தக் குறையும் இல்லை, பொருளின் இயல்பே அது. அதிக அளவு ஹைட்ரோகுளோரைடு உப்பு மருந்து உள்ள மாத்திரையில் நீரிலும் இது நடக்கலாம், ஏனென்றால் கரைந்த உப்பு மாத்திரைக்குள்ளேயே அயனிச் செறிவை ஏற்றிவிடும். ஏற்றமில்லாத குரோஸ்போவிடோனுக்கு மாறுவதே வழி.

அறிகுறி: பேட்ச் வெளியீட்டின்போது டிடி 4 நிமிடம், 40 டிகிரி / 75 சதவீத ஈரப்பதத்தில் மூன்று மாதத்துக்குப் பின் 20

முதலில் தடிமனை அளந்து பாருங்கள். ஏறியிருந்து ஹார்ட்னெஸ் விழுந்திருந்தால், டிஸின்டெக்ரன்ட் பேக்கிங்குக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சித் தன் வேலையைப் பாதி முடித்துவிட்டது. பிவிசி பிளிஸ்டரிலிருந்து அலு-அலுவுக்கு (இருபுறமும் அலுமினியப் பேக்கிங்குக்கு) மாற்றி அதே பேட்ச்சை வைத்துப் பார்த்தால் காரணம் உறுதியாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, புதுச்சேரிப் பக்கம் பேக்கிங் அறையின் ஈரப்பதக் கட்டுப்பாடு சில மணி நேரம் நின்றாலும் பாதிப்பு பிளிஸ்டருக்குள் பூட்டப்பட்டுவிடும்.

தடிமன் மாறாமல், உடைக்கும்போது கூழ் வந்தால், ஃபார்முலாவில் காரப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்: மெக்னீசியம் ஆக்சைடு, சோடியம் கார்பனேட் போன்றவை. சிசிஎஸ்ஸின் குறுக்குப்பிணைப்பு எஸ்டர் பிணைப்பு. ஈரமும் காரமும் சேர்ந்தால் அது நீராற்பகுத்து அறுந்து, கரையும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸாகிவிடும். உடைக்க வந்த பொருள் பசையாக மாறிவிடுகிறது. மாத்திரையை நீரில் குழைத்து பிஎச் எடுங்கள். 9-க்கு மேல் என்றால் சிசிஎஸ்ஸோடு போராடாதீர்கள். அளவைக் கூட்டினால் பசைதான் கூடும். இங்கும் குரோஸ்போவிடோனே பொருத்தம்.

அறிகுறி: ஆக்சிஜனேற்ற மாசு லாட்டுக்கு லாட் மாறுகிறது

குரோஸ்போவிடோனைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் விலை இது. தயாரிப்பில் தங்கும் பெராக்சைடு, காற்றுபடத் திறந்து வைத்தால் மேலும் ஏறும். ஐரோப்பிய வரம்பு, பருமனான ஏ வகைக்கு 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு), நுண்ணிய பி வகைக்கு 1000. சிறு எண்ணாகத் தெரியும். 100 மி.கி. மாத்திரையில் 3 மி.கி. குரோஸ்போவிடோன், 5 மி.கி. மருந்து, மூலக்கூறு எடை 300 என்று வைத்துக் கணக்கிட்டால், 400 பிபிஎம் பெராக்சைடு முழுதும் வினைபுரிய 0.21 சதவீத மருந்து ஆக்சிஜனேற்றம் அடையலாம். 1000 பிபிஎம் என்றால் 0.53. நாளுக்கு 5 மி.கி. கொடுக்கும் மருந்துக்கு மாசை அடையாளம் காணவேண்டிய ஐசிஎச் (சர்வதேச மருந்து விதி ஒத்திசைவு அமைப்பு) எல்லை 20 மைக்ரோகிராம், அதாவது 0.4 சதவீதம். ஆக, வரம்புக்குள் இருக்கும் லாட்டே உங்களை எல்லை தாண்ட வைக்கும். என்-ஆக்சைடு ஆகக்கூடிய மூன்றாம்நிலை அமீன் உள்ள மருந்துகளில் இதை ஃபார்முலா கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். வாங்கும் நிபந்தனையில் தனிநூலைவிட இறுக்கமான எண்ணை எழுதுங்கள். பாதி பயன்படுத்திய பையை நைட்ரஜன் செலுத்திக் கட்டுங்கள், பயன்படுத்தும் முன் பெராக்சைடை மறுபடி சோதியுங்கள். வந்த நாளின் சான்றிதழ் நான்கு மாதம் கழித்துப் பேசாது.

அறிகுறி: பூச்சுப் போட்டபின் மேற்பரப்பு பொரிகிறது, விளிம்பு உதிர்கிறது

மேற்பரப்பில் இருக்கும் டிஸின்டெக்ரன்ட் துகள் பூச்சு நீரில் வீங்கிப் படலத்தைத் தள்ளுகிறது. பருமனான குரோஸ்போவிடோன் என்றால் நுண்ணிய தரத்துக்கு மாறலாம், பெராக்சைடு கணக்கை மட்டும் மறக்காமல். தரத்தை மாற்றுமுன் முதல் பத்து நிமிடத் தெளிப்பு வேகத்தைக் குறைத்து, மாத்திரைப் படுகையைச் சற்றுச் சூடாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அறிகுறி: ஒரே பேட்ச்சில் தொடக்கமும் முடிவும் வேறு

பிரிந்து படிதல். ஹாப்பர் அதிர்வில் நுண்ணிய துகள் கீழே இறங்குகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுத்து டிடியை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். கடைசி 5 கிலோவில் மட்டும் டிடி சரிந்தாலோ ஏறினாலோ இதுதான்.

இவ்வளவும் பார்த்து, உண்மையிலேயே அளவு போதவில்லை என்று தெரிந்தால் மட்டும் கூட்டுங்கள். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் உடனடி வெளியீட்டு மாத்திரையாக இருந்தால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஸூபாக் (ஒப்புதலுக்குப் பிந்தைய மாற்றங்களுக்கான) வழிகாட்டலில் முதல்நிலை மாற்றம் என்பது ஸ்டார்ச்சுக்கு மாத்திரை எடையில் ± 3 சதவீதம், மற்ற டிஸின்டெக்ரன்ட்டுகளுக்கு ± 1 சதவீதம். 2-லிருந்து 4 என்று ஒரே தாவலாகப் போனால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள், கூடுதல் டிசல்யூஷன் ஆவணங்களும் ஸ்டெபிலிட்டி பேட்ச்சும் தேவைப்படும். அதைவிட, சிசிஎஸ் வாங்கும்போது படிவுக் கனஅளவு 15 முதல் 25 வரை, நீரில் கரையும் பகுதி 5 சதவீதத்துக்குள் என்று உங்கள் ஃபார்முலா தாங்கும் எல்லையைச் சோதித்து எழுதி, சப்ளையரோடு ஒப்பந்தத்தில் சேர்ப்பது மலிவு.